கால் வரை இறங்கும் இடுப்பு வலிக்கு ஊசியா, பயிற்சியா? கழுத்து வலிக்கும் அதே விடைதானா?

கேள்வி: தெளிவு தேடுபவன்

வணக்கம். எனக்கு வயது 46. ஆறு வாரங்களுக்கு முன், தரையில் இருந்த வாளியைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் பிடிப்பு விழுந்தது. இடுப்பு வலி இரண்டு நாளில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரை இறங்கும் குடைச்சல் ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தும்மினால் பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. பத்து நிமிடங்களுக்கு மேல் உட்கார முடிவதில்லை. இந்தக் கேள்வியையும் அலமாரியின் மேல் மடிக்கணினியை வைத்து, நின்றபடியேதான் தட்டச்சு செய்கிறேன்.

முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்5, எஸ்1 எனப்படும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் இடப்புறமாகப் பிதுங்கி எஸ்1 நரம்பு வேரைத் தொடுவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. 'தேய்மானம்' என்ற பொருள்படும் சொல் அதில் நான்கு இடங்களில் வருகிறது. எலும்பு மருத்துவர் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி ஒன்றை, அதாவது தண்டுவட உறையைச் சுற்றியுள்ள இடத்தில் போடும் அழற்சி தணிக்கும் ஊசியை, பரிந்துரைக்கிறார். பிசியோதெரபிஸ்ட்டோ, இன்னும் சில வாரங்கள் பொறுத்துப் பயிற்சியைத் தொடர்ந்தால் தானாகவே குறையும் என்கிறார். இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு என்பதால்தான் குழப்பம்.

இதற்கிடையில், ஐந்து மாதங்களாக என் மனைவிக்குக் கழுத்து வலி இருக்கிறது. அது வலது தோள்பட்டை எலும்பு வரை பரவுகிறது. கைக்கு இறங்கவில்லை, விரல்கள் மரத்துப்போகவும் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருக்கும் கழுத்தில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். என் இடுப்புக்கும் அவருடைய கழுத்துக்கும் ஒரே கணக்குதானா? ஊசி நோயைக் குணப்படுத்துகிறதா, அல்லது வலியை மறைத்து வைக்கிறதா? அனுபவம் உள்ளவர்களும் துறை சார்ந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: இயன்முறையாளர்

ஐயா, முதலில் அந்தத் தேய்மானம் என்ற சொல்லைப் பார்த்து அஞ்ச வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி, வலியற்ற இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிந்தது. டிஸ்க் பிதுக்கமும் அப்படியே, 30 சதவீதத்தில் தொடங்கி 84 சதவீதம் வரை செல்கிறது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோய் அன்று. உங்களுக்கு அந்தப் பிதுக்கம் முக்கியமாவது, அது அழுத்தும் நரம்பு எந்தப் பாதையில் செல்கிறதோ அதே பாதையில் உங்களுக்கு வலி இறங்குவதால்தான்.

பிதுங்கிய டிஸ்க் அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. வெளியே வந்த பகுதியை உடல் அயற்பொருளாகக் கருதிக் கரைக்கத் தொடங்குகிறது. இதில் பலருக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு: பிதுக்கம் பெரிதாக இருந்தால்தான் கரையும் வாய்ப்பும் அதிகம். தனியே துண்டாகிப் பிரிந்த டிஸ்க்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சுருங்குவதாகவும், லேசாகப் புடைத்தவை அவ்வளவாக மாறுவதில்லை என்றும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஸ்கேன் அறிக்கையில் 'பெரியது' என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, ஊசியும் அறுவையும் இல்லாத சிகிச்சை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பத்து நாள் மின்கருவிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு படுத்திருப்பது, இடுப்பை இழுவையில் கட்டிப் போடுவது, பெல்ட் அணிந்துகொண்டு அசையாமல் இருப்பது ஆகியவற்றையெல்லாம் முடித்துவிட்டு, 'பிசியோதெரபி எனக்குப் பலன் தரவில்லை' என்று ஊசிக்குச் செல்பவர்களே அதிகம். இது என் துறைக்காரர்கள் மீது எனக்குள்ள நெடுநாள் மனக்குறை. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் ஆகிய அனைத்தையும் முதுகு வலிக்குத் தர வேண்டாம் என்றே கூறுகிறது. படுக்கையில் ஓய்வெடுப்பது குறித்தும் பழைய நம்பிக்கை தவறாகிவிட்டது. 1995இல் ஹெல்சிங்கியில் புதிதாக முதுகு வலி வந்த 186 பேரிடம் நடந்த சோதனையில், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே படுக்கையில் இருந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள்.

உண்மையான பயிற்சி என்பது உங்கள் வலி எந்தத் திசை அசைவில் குறைகிறது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் கால் வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்கள் கழித்து வந்து பார்த்தால், முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையில் அவருடைய கால் வலி மறைந்திருந்தது. அந்தத் தற்செயலிலிருந்தே ஒரு முழுப் பயிற்சி முறை பிறந்தது.

நீங்கள் இன்றே செய்து பார்க்கக்கூடியது இது. கடினமான பரப்பில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். சுண்டுவிரலில் இருந்த குடைச்சல் கெண்டைக்காலுக்கும், கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கும் ஏறினால் அது நல்ல அறிகுறி. அப்போது இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் கவலைப்பட வேண்டாம். மாறாக, வலி கீழ்நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி: இடது காலை மட்டும் ஊன்றி, நுனிவிரலில் பத்து முறை எழ முடிகிறதா?

மறுமொழி 2: வலிமருத்துவம்

நான் மயக்கவியல் படித்து, வலி நிவாரணப் பிரிவில் பணிபுரிபவன்; இந்த ஊசியை வாரந்தோறும் போடுகிறேன். அதனால் என் சார்பு எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொண்டே படியுங்கள்.

மேலே இயன்முறையாளர் கேட்ட கேள்விதான் முதற்கேள்வி. எஸ்1 நரம்பு பலவீனமானால் நுனிவிரலில் எழ முடியாது. அதற்கு மேலுள்ள எல்5 பலவீனமானால் குதிகாலில் நடக்க முடியாது, பாதம் தொங்கும். இந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடினால், ஊசியா பயிற்சியா என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். சிறுநீர் வராமல் தேங்குதல், மலம் அடக்க முடியாமை, உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போதல் ஆகியவை தென்பட்டால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது போன்றவையும் தனி விசாரணைக்கு உரியவை.

இனி ஊசி. உங்களைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்து, தோலை மரக்கச் செய்துவிட்டு, சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நரம்பு வேரின் அருகே கொண்டு செல்வோம். முதலில் சிறிதளவு சாய மருந்தைச் செலுத்துவோம். அது நரம்பின் ஓரமாக மெல்லிய கோடாக ஓடினால் இடம் சரி. பளிச்சென்று தோன்றி உடனே மறைந்தால் ஊசிமுனை இரத்தக்குழாயில் இருக்கிறது என்று பொருள், திரும்ப எடுத்துவிட வேண்டும். சரியான இடத்தில் மருந்து செல்லும்போது பலரும், 'ஆமாம், இதே வலிதான், இதே வழியில்தான்' என்று தாங்களாகவே சொல்வார்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துச் செலுத்தும் மரப்பு மருந்தின் பலன் சில மணி நேரம். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம்.

அந்த ஸ்டீராய்டு டிஸ்க்கை உள்ளே தள்ளுவதில்லை. பிதுங்கிய டிஸ்க்கிலிருந்து கசியும் பொருள்கள் நரம்பு வேரில் உண்டாக்கும் அழற்சியைத் தணிக்கிறது, அவ்வளவுதான். அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை: குணப்படுத்துவதும் இல்லை, வெறுமனே மறைப்பதும் இல்லை, இயற்கை தன் வேலையைச் செய்து முடிக்கும் வரை உங்களுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

எவ்வளவு அவகாசம் என்பதில்தான் நோயாளிகளிடம் நாங்கள் இன்னும் வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும். 25 சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு இல்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டால் ஸ்டீராய்டு ஊசி கால் வலியைக் குறைத்தது 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 5 புள்ளிதான்; அதுவும் முதல் சில வாரங்களுக்கு. சராசரிக்குள் நன்றாகப் பலன் பெறுபவர்களும் சிறிதும் பெறாதவர்களும் கலந்திருக்கிறார்கள். வலி புதிதாகவும் கடுமையாகவும் இருந்து, தெளிவாகக் காலுக்கு இறங்குபவர்களிடம்தான் நான் நல்ல பலனைப் பார்த்திருக்கிறேன். முன்னே சொன்ன நைஸ் வழிகாட்டியும், கடுமையான புதிய சியாட்டிகாவுக்கு, அதாவது நரம்பு வழியே காலுக்கு இறங்கும் வலிக்கு, எபிடியூரல் ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது; காலுக்கு இறங்காத இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசிகளைத் தர வேண்டாம் என்கிறது. முதியவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்கி வரும் வலியில் நிலைமை இன்னும் மோசம்: 400 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததும் சேர்க்காததும் ஆறாவது வாரத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தன.

கழுத்துக்கு வருவோம். இடுப்பும் கழுத்தும் ஒரே கணக்கு அல்ல. கழுத்தில் நரம்பு வேருக்குப் பக்கத்தில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செல்லும் இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. துகள்கள் கொண்ட ஸ்டீராய்டு மருந்து தவறி அவற்றுக்குள் போனால் குழாய் அடைபட்டுப் பக்கவாதமோ கைகால் முடக்கமோ நேரலாம். இது மிக அரிது, ஆனால் நேர்ந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரலில் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளுக்குப் பார்வை இழப்பு, பக்கவாதம், முடக்கம், இறப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எச்சரிக்கை விடுத்தது. அதன் பிறகு, கழுத்தில் பக்கவாட்டு வழியில் செலுத்தும்போது துகள் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும், பின்வழியில் செலுத்தினால் கழுத்தின் அடிப்பகுதியிலேயே செலுத்த வேண்டும் என்றும் நிபுணர் குழு பரிந்துரைத்தது. தங்கள் மனைவிக்கு வலி கைக்கு இறங்கவில்லை என்கிறீர்கள். அழற்சி கொண்ட நரம்பு வேர் ஒன்று இருப்பதாகவே தெரியாதபோது எந்த நரம்புக்கு ஊசி போடுவது? நான் போட மாட்டேன்.

அவருடைய சர்க்கரை நோயும் ஒரு காரணம். இந்த ஸ்டீராய்டு முதுகோடு நிற்பதில்லை. உடல் முழுவதும் பரவி, சில நாள்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரைகூட, இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். யாராக இருந்தாலும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராயின் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

மறுமொழி 3: இரண்டு ஊசி போட்டவள்

எனக்கு எல்4, எல்5 டிஸ்க். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் ஊசி போட்டபோது, நான்காம் நாள் காலையில் விழித்தவுடன் குனிந்து செருப்பு வாரை நானே மாட்டிக்கொண்டேன். இரண்டு மாதங்களாக அதை என் மகள்தான் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மகிழ்ச்சியில் நான் செய்த தவறு, வலி போய்விட்டதே என்று பயிற்சியை அடியோடு விட்டுவிட்டதுதான். ஏழு வாரம் நன்றாக இருந்தேன். பிறகு ஒரு நாள் பெட்டி ஒன்றை நகர்த்தியபோது பழையபடி பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஊசி முதலாவதைப் போலக் கேட்கவில்லை. முகம் சிவந்து இரண்டு இரவு தூக்கம் வராமல் போனதுதான் மிச்சம். அது ஸ்டீராய்டினால் வருவது, தானே சரியாகும் என்று பின்னர்தான் தெரிந்தது. மூன்றாவதற்கு நாள் குறித்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் தெருமுனை வரை, ஐந்து நிமிடம். நான்கு மாதத்தில் அரை மணி நேரம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பற்றி என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: முதுகு வலியிலிருந்து மீண்டவர்களில், படிப்படியாக நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வலி மீண்டும் திரும்ப நடுமதிப்பாக 208 நாள் ஆனதாம், ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112 நாள்.

ஊசி போட்டதற்காக நான் வருந்தவில்லை. அந்த ஏழு வாரத்தை வீணடித்ததற்காகத்தான் வருந்துகிறேன்.

மறுமொழி 4: ஐயுறுபவன்

எல்லோரும் இவ்வளவு மென்மையாகப் பேசுவது ஏன் என்று புரியவில்லை. 2025 பிப்ரவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு எபிடியூரல் ஊசி, மூட்டு ஊசி, தசை ஊசி, ரேடியோ அலை கொண்டு நரம்பைச் சுடுதல் ஆகிய அனைத்தையும் தவிர்க்குமாறு வலுவாகவே பரிந்துரைத்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் மாசடைந்த ஸ்டீராய்டு ஊசி மருந்தினால் 700க்கும் மேற்பட்டோர் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாகி, 60க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் மறக்க வேண்டாம். பிறகு எதற்கு இந்த ஊசி?

மறுமொழி 5: வலிமருத்துவம்

2012இல் நடந்தது மருந்து தயாரித்த இடத்தின் சுகாதாரக் கேட்டினால். அது ஊசி முறைக்கு எதிரான சான்று ஆகாது. பி.எம்.ஜே. வழிகாட்டி பற்றிச் சொன்னது சரி. என் துறையின் சங்கங்கள் அதற்கு மறுப்புத் தெரிவித்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை யாருக்காக எழுதினார்கள் என்று பாருங்கள்: மூன்று மாதமும் அதற்கு மேலும் நீடித்த வலி உள்ளவர்களுக்காக. கேள்வி கேட்டவருக்கு ஆனது ஆறு வாரம். அவர் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஐந்து மாதமாக வலியோடு இருக்கும் அவருடைய மனைவி வருகிறார். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே ஊசியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது பரிசீலிக்கத் தக்கது, மற்றவருக்கு அன்று.

மறுமொழி 6: இயன்முறையாளர்

கழுத்து பற்றி ஒரு குறிப்பு. உங்கள் மனைவிக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆம்' என்று சொல்வது போல முகவாயை மெல்ல உள்ளிழுத்துப் பத்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள்; பத்து முறை. கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்கான இந்தப் பயிற்சி, பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போல் இருக்கும். மூன்றாவது முறையிலேயே கழுத்து நடுங்கினால் அந்தத் தசைகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று தெரியும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுக்கும் பயிற்சியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். கை விரல்கள் தடுமாறிப் பொத்தான் போடச் சிரமப்பட்டாலோ, நடை தள்ளாடினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 7: தெளிவு தேடுபவன்

அனைவருக்கும் நன்றி. நுனிவிரலில் எழுந்து பார்த்தேன். வலக்காலில் பத்து முறையும் எளிதாக வந்தது, இடக்காலில் எட்டாவதில் களைத்தது, ஆனால் எழ முடிகிறது. எலும்பு மருத்துவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். பலம் குறையாதவரை மூன்று வாரம் பொறுப்பதில் தமக்கு மறுப்பில்லை என்றும், அதற்குள் தாங்க முடியாமல் போனால் ஊசிக்கு வரலாம் என்றும், வாரம் ஒருமுறை நுனிவிரல் கணக்கை எழுதி வைக்கும்படியும் சொன்னார். மனைவி கழுத்து ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குப்புறப் படுத்து முழங்கை ஊன்றுவதை மூன்று நாளாகச் செய்கிறேன். நேற்று மாலை முதன்முறையாகச் சுண்டுவிரலிலும் கெண்டைக்காலிலும் குடைச்சல் இல்லாமல், தொடையோடு நின்றது. ஆனால் இடுப்பில் நேற்றைவிட இன்று வலி கூடுதல். தொடரலாமா?

மறுமொழி 8: இயன்முறையாளர்

தொடருங்கள். வலி இடுப்புக்கு ஏறியதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்த பிறகும் கெண்டைக்கால் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இன்னும் சில நாளைக்குத் தாழ்வான நாற்காலியில் உட்கார வேண்டாம். வாளியையும் வேறு யாராவது தூக்கட்டும்.